பத்திரம் அண்ணையின் நான்காவது இலக்கம்

கொழும்பு நகரத்தில் தன்னுடைய வீட்டைத் தானே களவெடுக்கப் போய் அடி வாங்கிய ஒரே மனிதர் பத்திரம் அண்ணையாகத்தான் இருப்பார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் நான் குடியிருந்த காலம் அது. நான் மூன்றாம் மாடி, அவர் முதலாம் மாடி. புதிதாகப் போட்ட பல்கனிக் கம்பி எவ்வளவு உறுதி என்று பார்ப்பதற்காக ஒரு நாள் பட்டப்பகலில் முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு, வாட்சரின் ஏணியில் ஏறி, கம்பியைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி மலர் அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. வீடு கூட்டும் தும்புத்தடியைக் கம்பிக்கு ஊடாக விட்டு நெற்றியில் ஒரு குத்து. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போனபோது அண்ணை கீழே பூச்சட்டிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தார். நெற்றி வீங்கியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தம்பி, சிஸ்டம் வேலை செய்யுது" என்றார்.

அவருடைய சொந்தப் பெயர் லேனில் பாதிப் பேருக்குத் தெரியாது. யாரோடு கதைத்தாலும் கடைசியில் "பத்திரம்" என்று முடிப்பார். வெளிநாடு போகிறவருக்கும் பத்திரம்தான், தலைமயிர் வெட்டப் போகிறவருக்கும் பத்திரம்தான். அதனால் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் பத்திரம் அண்ணை ஆகிவிட்டார். ஒருமுறை கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்தும்போதும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அதையே சொன்னார். மாப்பிள்ளை கொஞ்சம் பயந்துபோனதாகக் கேள்வி.

இதற்கெல்லாம் காரணம் அவர் பார்த்த வேலை. கொட்டாஞ்சேனையில் குளியலறைச் சாமான்கள் இறக்கி விற்கும் ஒரு கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அந்த ஸ்டோர் கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் திறப்பு இவரிடம், மற்றது சவரிமுத்து என்பவரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கொழும்பில் ஒருவருக்கும் கொமட் கிடையாது. இருபத்தாறு வருடம் இரண்டு பேரும் இப்படிக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை ஒரே கதவடியில் சந்தித்திருக்கிறார்கள்.

"ஒரு கதவுக்கு ஒரு ஆள் எண்டால் அது கதவில்லை தம்பி, திரைச்சீலை" என்பார் அண்ணை.

ஓய்வு பெற்ற பிறகு, காக்க ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் வாடிப்போய் இருந்தார். பிறகு கனடாவுக்குப் போன ஒருவரிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓடுவதற்காக வாங்கினார் என்று நான் நினைக்கவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் போவார். பக்கத்தில் ஓட்டப் பழகுகிற பிள்ளையின் சைக்கிள்கூட அவரை முந்திக்கொண்டு போகும். அவருக்குப் பிடித்தது அதில் பொருத்தியிருந்த அலாரம். ரிமோட்டை அமத்தினால்தான் எஞ்சின் உயிர் வரும். ரிமோட் இல்லாமல் யாராவது தொட்டால் சைரன் லேன் முழுவதும் அலறும். பூனை உரசினாலும் அலறும். ரிமோட் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி இருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பொத்தான். நான்கு இலக்க இரகசிய எண் ஒன்று. முதல் இலக்கம் மூன்று என்றால் மூன்று தரம் அமத்த வேண்டும். விளக்கு ஒருமுறை மின்னும். ஐந்து செக்கனுக்குள் அடுத்த இலக்கத்தைத் தொடங்க வேண்டும். நான்கும் சரி என்றால் அலாரம் அடங்கி வண்டி கிளம்பும்.

பைக்கோடு இரண்டு ரிமோட்கள் வந்தன. வந்த அன்றே ஒன்றைச் சுத்தியலால் உடைத்தார். "ரெண்டு இருந்தால் ஒண்டு களவு போகும்" என்றார். ஒன்று இருந்தால் அதுவும் போகலாமே என்று நான் கேட்கவில்லை. சில நாள் கழித்து, இரகசிய எண் அச்சடித்திருந்த அட்டையை எடுத்துக்கொண்டு என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிறுத்தினார்.

"தம்பி, நம்பர் முழுக்க ஒரு ஆளிட்டை இருக்கக் கூடாது. நான் நாலாப் பிரிச்சுப் போட்டன். முதல் இலக்கம் உமக்கு. ரெண்டாவது வாட்சர் சுமனபாலவுக்கு. மூண்டாவது என்ட தலைக்குள்ள. நாலாவது சவரிக்கு."

"அப்ப உங்களுக்கு முழு நம்பரும் தெரியும்தானே அண்ணை?"

"தெரியாது. மறந்திட்டன்."

"எப்பிடி?"

"கஷ்டப்பட்டு. ரெண்டு நாளாச்சு. எனக்குத் தெரிஞ்சால் என்னை வெருட்டிக் கேப்பாங்கள்."

அட்டையில் மற்ற மூன்று மூலைகளும் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தன; என்னுடைய இலக்கம் இருந்த மூலையைக் கிழித்து என் கையில் தந்தார். வாசிக்கச் சொன்னார். பிறகு அதை வாயில் போட்டு விழுங்கச் சொன்னார். நான் மறுத்ததால் அவரே விழுங்கினார்.

என்னை ஏன் தெரிந்தெடுத்தார் என்று கேட்டேன். "நீர் பத்திரிகையில எழுதுறனீர். நீர் வெளியில சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டினம்" என்றார். சுமனபாலவை ஏன் என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் அரைகுறை, ஆகவே தமிழ்க் கள்ளன் வந்து கேட்டால் விளங்காது என்றார். சிங்களக் கள்ளன் வந்தால் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, அதற்காகத்தான் மற்ற மூன்று பேரும் தமிழ் என்றார். சவரிமுத்துவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்: "சவரி எண்டால் சவரி. அவனிட்டைக் குடுத்தது கல்லில வெட்டின மாதிரி."

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. எங்களைச் சோதிக்கவும் தொடங்கினார். ஒரு நாள் எனக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு யாரோ ஆங்கிலத்தில், "ஹலோ, திஸ் இஸ் ஹெட் ஆபிஸ்" என்றார்கள். எந்த ஹெட் ஆபிஸ் என்று கேட்டேன். அதற்கு மறுமொழி தயார் பண்ணியிருக்கவில்லை போலும், கட் ஆகிவிட்டது. அடுத்த நாள் படியில் அண்ணை என் தோளைத் தட்டி, "நீர் பாஸ்" என்றார். சுமனபாலவுக்கும் அழைத்தாராம். அவர் சிங்களத்தில் ஏசிவிட்டு வைத்தாராம். அவரும் பாஸ்.

சவரிமுத்து மட்டும் பெயில். ஹெட் ஆபிஸ் என்றதும் கேட்ட கையோடு இலக்கத்தைச் சொல்லிவிட்டாராம். அண்ணை அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. என்ன இலக்கம் சொன்னார் என்று நான் கேட்டேன். "அது இரகசியம்" என்றார். அதற்குப் பிறகு சவரிமுத்துவோடு கதை இல்லை. இருபத்தாறு வருடச் சிநேகிதம் ஒரு தொலைபேசி அழைப்பில் அறுந்துபோனது. இரண்டு வருடம் அப்படியே போயிற்று. இதில் அவருக்கு இருந்த வருத்தத்தை அவர் யாரிடமும் காட்டவில்லை. பைக்கை மட்டும் முன்பைவிட அடிக்கடி துடைத்தார்.

இந்த நிலையில்தான் ரிமோட் தொலைந்தது. கள்ளனைக் குழப்புவதற்காக அதை ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைப்பது அவருடைய வழக்கம். எங்கே என்பதை மனைவிக்கும் சொல்ல மாட்டார். ஒரு வியாழக்கிழமை பழைய பத்திரிகைக் கட்டுக்கு நடுவில் செருகியிருக்கிறார். அன்றைக்கென்று பார்த்துப் போத்தல், பேப்பர் வாங்குகிறவர் தள்ளுவண்டியோடு லேனுக்குள் வந்தார். மலர் அக்கா கட்டோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். அண்ணை கோயிலுக்கு நடந்து போய் வந்து தேடியபோது தள்ளுவண்டி காலி வீதியைக் கடந்து எங்கேயோ போய்விட்டது.

"ஒளிச்சு வைக்கிற மனுசன் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ?" என்றார் அக்கா.

"சொன்னால் அது ஒளிச்சதோ?" என்றார் அண்ணை.

பைக் கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. காகம் வந்து குந்தினாலும் சைரன். நிறுத்த ரிமோட் இல்லை. தானாகக் களைத்து நிற்கும்வரை எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இரண்டாம் மாடியில் கணிதம் படிப்பித்தவர் வகுப்பை இடையில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை மாலை கட்டடக் கமிட்டியின் செயலாளர் இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார். ஞாயிறு மத்தியானத்துக்குள் அண்ணை அலாரத்தை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பாஸ், அதாவது வாகன மெக்கானிக், வந்து வயரை வெட்டுவார்.

"வெட்டுறது திறக்கிறதில்லை. அது உடைப்பு" என்றார் அண்ணை. "எங்களிட்டை முறையான வழி இருக்கு."

முறையான வழிக்கு நான்காவது இலக்கம் வேண்டும். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்: "அண்ணை, மற்ற மூண்டும் எங்களிட்டை இருக்கு. நாலாவது ஒண்டில இருந்து ஒன்பதுக்குள்ளதானே? ஒன்பது தரம் அடிச்சுப் பாத்தால் முடிஞ்சுது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே நான் கள்ளனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. "சவரியின்ட திறப்பைச் சவரிதான் போட வேணும்" என்றார். சரி, ஒரு கோல் எடுங்கோ என்றேன். தொலைபேசியில் கேட்கக் கூடாதாம், ஒட்டுக் கேட்பார்களாம். ஆள் நேரில் வர வேண்டுமாம். போய்க் கூப்பிடுங்கோ என்றேன். அவர் பைக்கின் கண்ணாடியைத் துடைக்கப் போய், சைரன் கிளம்ப, கையை எடுத்துக்கொண்டார்.

படியில் ஏறும்போது மலர் அக்கா என்னை மறித்தார். "தம்பி, பைக் போனால் போகட்டும். அதை வெட்டட்டும், கடலுக்குள்ள தள்ளட்டும். இந்த மனுசன் சவரியண்ணையோட ஒருக்காக் கதைச்சால் எனக்குக் காணும். ரெண்டு வருஷமா ஞாயிற்றுக்கிழமையில அவரிட்டைப் போக எண்டு சேட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு, கேற் வரைக்கும் போய்த் திரும்பி வாறார்." இதைச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. எனக்குப் பிறர் விஷயத்தில் தலையிடுவது பிடிக்காது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் அக்காவிடம் விலாசம் வாங்கி, த்ரீவீல் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

சவரிமுத்துவின் வீடு ஓர் ஒடுக்கமான லேனில் மாடியில் இருந்தது. பெரிய உடம்பு, வெள்ளை பெனியன், மடியில் ஒரு பூனை. நான் யார் என்று சொன்னதும் பூனையை இறக்கி வைத்தார்.

"அவன் அனுப்பிச்சானா?"

"இல்லை. நானா வந்தனான்."

"அப்ப சரி. அவன் அனுப்பிச்சிருந்தா உங்களுக்குத் தண்ணிகூடக் குடுத்திருக்க மாட்டேன்" என்று சொல்லி இஞ்சிப் பிளேன்ரீக்குக் குரல் கொடுத்தார். பிறகு தானாகவே தொடங்கினார். "யோசிச்சுப் பாருங்க தம்பி. இருபத்தாறு வருஷம் பக்கத்துல நின்னு கேட்ட குரல். துணியால பொத்தினா தெரியாமப் போயிருமா? முதல் 'ஹலோ'விலேயே கண்டுபிடிச்சிட்டேன். சரி, பகிடி விடுறான், நாமளும் விடுவோம்னு சொன்னேன். 'யெஸ் சேர், நம்பர் செவன்டீன்'னு."

"பதினேழா?"

"பதினேழு."

"ஒரு இலக்கம் எப்பிடிப் பதினேழா இருக்கும்?"

"அதத்தானே நானும் கேக்குறேன்! படிச்ச மனுசன், ஸ்டோர்ல கணக்கு எழுதினவன், அது விளங்காம என்னைக் கள்ளன்னு வச்சிட்டான். அவன் வந்து கூப்புடட்டும். அப்ப பாப்போம்."

திரும்பி வந்ததும் நேரே அண்ணையிடம் போனேன். அவர் பல்கனியில் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "அண்ணை, பதினேழு எண்டு ஒரு இலக்கம் இருக்குதோ?" என்று கேட்டேன்.

அவர் எண்ணுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அது எனக்கு அடுத்த நாளே விளங்கிட்டுது" என்றார்.

"அடுத்த நாளேயோ! அப்ப ஏன் ரெண்டு வருஷம்?"

"எப்பிடித் தம்பி போய்ச் சொல்லுறது? உன்னைச் சோதிச்சனான் எண்டோ? ஸ்டோர்ல இருந்த இருபத்தாறு வருஷத்தில அவன் ஒரு நாளும் என்ட திறப்பைப் பாத்துக் கூட இருக்க மாட்டான். நான் துணியைப் பொத்திக்கொண்டு அவனுக்குக் கோல் எடுத்தனான்." அவரைப் பார்த்துச் சிரிப்பதையே தொழிலாக வைத்திருந்த எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை வெளிக்கிடுங்கோ, நானும் வாறன் என்றேன்.

ஞாயிறு காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. சவரிமுத்து நீளக்காற்சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, லேன் முகப்பில் நின்றார். அண்ணை த்ரீவீலால் இறங்கினார். வழி முழுவதும் என்னிடம் ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் எங்கே போயினவோ தெரியாது.

"சவரி, நான் உன்னைச் சோதிச்சிருக்கக் கூடாது" என்றார். "பிழை என்னில."

சவரிமுத்து பெரிய வெற்றியாளரைப் போல நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இங்குமங்கும் பார்த்து, "அத விடு மச்சான், அத விடு" என்றார். "இலக்கம் இப்பவே வேணுமா? சாப்பிட்டுட்டு, ஆறுதலா அடுத்த கிழமை..."

"இண்டைக்கு மத்தியானம் வயரை வெட்டப் போறாங்கள்."

"வெட்டினா வெட்டட்டுமே?" என்றார் சவரிமுத்து. இந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் அண்ணை அவருடைய கையைப் பிடித்து வண்டிக்குள் ஏற்றிவிட்டார்.

வெள்ளவத்தையில் எல்லாம் தயாராக இருந்தது. சுமனபால குளித்து, புது யூனிபோம் போட்டு நின்றார். செயலாளரும், வயர் வெட்ட வந்திருந்த பாஸும் ஒரு பக்கம். அண்ணை விதியை விளக்கினார். ஒருவர் அமத்தும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஐந்து செக்கனுக்குள் அடுத்தவர் ஓடி வர வேண்டும். நான் போய் அமத்திவிட்டு ஓடி வந்து சுவரைப் பார்த்தேன். சுமனபால ஓடினார். அண்ணை ஓடினார், அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. கடைசியாகச் சவரிமுத்து போனார்.

சைரன் அலறியது. பிழை.

"அவசரத்தில விரல் வழுக்கியிருக்கும்" என்றார் அண்ணை. மீண்டும் முதலிலிருந்து. மீண்டும் சைரன். மூன்றாம் தரமும் அதுதான். பாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினார். மூன்று பிழைக்குப் பிறகு அரை மணி நேரம் அது எதையும் ஏற்காது. சைரன் களைத்து நின்ற பிறகும் சவரிமுத்து பைக்கடியை விட்டு வரவில்லை.

"மச்சான், திரும்பாத. சுவரையே பாரு" என்றார். "எனக்கு அந்த இலக்கம் தெரியாது."

நாங்கள் எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எப்ப இருந்து?" என்றார் அண்ணை, சுவரிடம்.

"நீ சொன்ன அன்னைக்கே. பஸ்ல போறப்பவே மறந்துட்டேன். நாலா, ஏழான்னு குழப்பம். திரும்பிக் கேட்டா நீ என்ன நினைப்பேன்னு கேக்கல. நீ போன் எடுத்தப்ப உன் குரல்னு தெரிஞ்சுது. சரியான இலக்கம் தெரிஞ்சிருந்தாத்தானே அத ஒளிக்கணும்? வாயில வந்ததச் சொன்னேன். நீ கோவிச்சப்ப ஒரு பக்கம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. மறந்தது வெளிய வராதுன்னு." சப்பாத்தால் நிலத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு வருஷம் மச்சான். சும்மா போச்சு."

ஒரு பகிடிக்கே இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர், இதற்கு என்ன செய்வார்? இன்னும் இருபது வருடமா? மலர் அக்கா முதலாம் மாடிப் பல்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார்.

அண்ணை திரும்பினார். சவரிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய முகம், அன்றைக்குப் பூச்சட்டிக்குள் விழுந்து கிடந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆயிற்று.

"சவரி, ஆராவது உன்னைப் பிடிச்சுக் கட்டி வச்சு அடிச்சிருந்தாலும் உன்னட்டை இருந்து அந்த இலக்கத்தை எடுத்திருக்கேலாது" என்றார். "இந்தக் கொழும்பில இதைவிடப் பத்திரமான ஆள் எனக்குக் கிடைக்குமே?"

சவரிமுத்து முதலில் விழித்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பின் நடுவில் கண்ணையும் துடைத்தார். இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு, பைக்கைத் திரும்பியும் பார்க்காமல் படியேறிப் போனார்கள். மேலே மலர் அக்கா ஏற்கெனவே கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் சமையல் இரவுக்கும் சேர்த்து நடந்தது.

"அண்ணை, வெட்டட்டுமா?" என்று கீழிருந்து செயலாளர் கேட்டார். "எதை?" என்று மேலிருந்து குரல் வந்தது. பாஸ் சீட்டைக் கழற்றி, இரண்டு வயரை வெட்டி, இரண்டை ஒட்டி, ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தார். பைக் முதல் உதைக்கே ஸ்டார்ட் ஆனது. அண்ணை அதைப் பார்க்க வரக்கூட இல்லை.

மாலையில் சவரிமுத்துவை ஏற்றி அனுப்பிவிட்டு அண்ணை கேற்றடியில் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"அலாரமே இல்லையே அண்ணை. இனி என்ட இலக்கத்தை ஆருக்கும் சொன்னால் பரவாயில்லைத்தானே?"

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. பயந்துபோன பார்வை.

"ஏன் தம்பி," என்றார், "எங்கட நாலு பேரில இருந்து நீர் விலகப் போறீரோ?"

இல்லை அண்ணை என்றேன். அந்த லேனை விட்டு நான் எப்போதோ வந்துவிட்டேன். அந்த மனிதரை விட்டு விலக மட்டும் எனக்கு மனம் வரவே இல்லை.